கதவைத் திறக்காதே என்று சொல்லிக்கொடுத்தவள்

சித்திக்குக் கோபம் வந்தால் முதலில் செருப்பைத் தேடுவாள். யாரையும் அடிக்க அல்ல, உடனே கிளம்பிப் போக. கடிதம் வந்த அன்று ஒரு செருப்புதான் கிடைத்தது. மற்றதைச் சித்தப்பா சோபாவுக்கு அடியில் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"யார் மேல கோபம்?" என்று கேட்டார்.

"என் மேலதான்."

"அதுக்கு எதுக்குச் செருப்பு? உட்கார்ந்தே படலாமே."

சித்தப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசி அவருக்கு எதிலும் பதற்றம் வராது. சித்திக்கு அதுவே பதற்றம்.

கடிதம் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. தடுப்பு இல்லத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, தாய்மாமனின் பொறுப்பில் விடப்பட்ட சிறுமி, கொடுக்கப்பட்ட விலாசத்தில் வசிக்கவில்லை. நேரில் சென்று பார்த்ததில் வீடு பூட்டியே கிடந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோதும் அப்படி யாரும் அங்கே இல்லை என்றே தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் சிறுமியைத் திரும்பவும் தடுப்பு இல்லத்தில் ஒப்படைக்க நேரிடும்.

அதிகாரி வந்தபோது அந்தப் பெண் அந்த வீட்டுக்குள்ளேதான் இருந்தாள். சித்தி சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் செய்திருந்தாள். அதுதான் சிக்கல்.

சித்தி முன்பு ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை உண்டு. கூப்பிட வருகிறவரின் படம் அதில் இருக்கும். படத்தில் இருக்கும் முகம் வந்தால்தான் பிள்ளையை இறக்குவாள். ஒருமுறை ஒரு பிள்ளையின் அப்பா மழையில் நனைந்துகொண்டே வந்து நின்றார்.

"நான் பெத்த அப்பாங்க."

"இருக்கலாம். அட்டையில அம்மா படம்தான் இருக்கு."

"மழையில நிக்கிறேன்."

"பிள்ளை நனையல. நீங்க போய் அவங்களை வரச் சொல்லுங்க."

பிள்ளை வேனிலேயே ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பப் பள்ளிக்குப் போனது. அந்த மனிதர் பெரிய ரகளை செய்தார். ரகளையை ஓரமாக நின்று பார்த்த இன்னொரு பிள்ளையின் அம்மாதான், துணையின்றி எல்லை கடந்து வரும் சிறுவர்களுக்காக ஒரு சின்ன அமைப்பை நடத்திவந்தவர். "எனக்கு இந்த மாதிரி ஒரு ஆள் வேணும்" என்று சித்தியை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போனார்.

வேலை என்னவென்று கேட்டால், "கூட நடக்குறது" என்பாள் சித்தி. விடுவிக்கிற நாளில் இரும்புக் கதவுக்கு வெளியே அவள் நிற்பாள். பிள்ளை ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வரும். முதலில் காலுக்குச் சேருகிற செருப்பு, அடுத்து ஒரு போன், பிறகு உறவினர் வீடோ தங்கும் விடுதியோ. தஞ்சம் கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு விசாரணை வரும்வரை அந்தப் பிள்ளையின் நாட்கள் சித்தியின் தலையில். பள்ளிக்கூடம் வயதுக்கு அத்தாட்சி கேட்கும். அத்தாட்சி தருகிற அலுவலகம், முதலில் பள்ளியில் சேர்ந்துவிட்டு வா என்னும். மருத்துவமனை பெரியவர் ஒருவரின் கையெழுத்து கேட்கும். அந்தப் பெரியவர் எங்கேயோ இரட்டை ஷிஃப்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போய்வருவதிலேயே சித்தியின் செருப்பு தேய்ந்தது. கதவுக்கு முன்னால் காத்து நிற்பவர்கள் எல்லோரும் தங்கள் உயரத்தைவிடக் கொஞ்சம் குள்ளமாகத் தெரிவார்கள். சித்தி ஏற்கெனவே குள்ளம்.

அவள் அந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் இருந்தான். நன்றாகப் பாடுவான் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சித்தி எதுவும் சொல்வதில்லை. அவனை எல்லை தாண்டிக் கூட்டிவந்த கும்பலைச் சேர்ந்த ஒருவன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அவன் தங்கியிருந்த அறைக் கதவைத் தட்டி, "அக்கா அனுப்பினாங்க" என்றான். பையன் திறந்தான். அவன் எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவ்வளவு காலம் அட்டையை நம்பி வாழ்ந்த சித்தி அன்றோடு அட்டையை விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாளே எதிரில் உட்கார வைத்துச் சொல்வாள். நான் வருவதாக இருந்தால் முதலில் போன் பண்ணுவேன். போன் வராமல் கதவைத் திறக்காதே. அட்டையை நம்பாதே, அதை எவன் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். வெளியே என் குரலே கேட்டாலும் போன் வரவில்லை என்றால் திறக்காதே, யாராவது என்னை மிரட்டி நிற்க வைத்திருக்கலாம். அப்படியென்றால் நான் போன் பண்ணவே மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் தனியாகப் போய்ச் சொல்லிவைப்பாள்: யார் வந்து கேட்டாலும் இங்கே அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அவளுக்குத் தாழ்ப்பாள் அக்கா என்று பெயர் வைத்தார்கள். அதைச் சொல்லிச் சித்தப்பாவும் அவ்வப்போது கூப்பிடுவார், தூரத்தில் நின்று.

அந்தப் பெண்ணின் மாமன் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அங்கே போனையெல்லாம் வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பகலில் அறையில் அவள் தனி. பள்ளி இன்னும் கிடைக்கவில்லை. விலாசம் சரிபார்க்கும் அதிகாரிகள் பகலில்தான் வருவார்கள். சித்திக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், அவர்கள் வந்து தட்டப்போவதும் தான் திறக்காதே என்று சொன்ன அதே கதவைத்தான் என்பது தோன்றவில்லை.

கடிதம் வந்ததும் அவள் நேராகப் போனது அந்தப் பெண்ணின் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம். அந்த அம்மா மிஷினை நிறுத்தாமலே பெருமையாகச் சொன்னார்.

"அந்த ஆளு என்னென்னமோ கேட்டான். நான் கல்லு மாதிரி நின்னேன். அப்படி ஒரு பொண்ணை நான் கண்ணால கண்டதே இல்லன்னுட்டேன்."

"ரொம்ப நல்லா நின்னீங்க. அதனால அவ திரும்ப உள்ள போகப் போறா."

மிஷின் நின்றது. "நீதானம்மா சொல்லச் சொன்ன."

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றாள் சித்தி. அந்த வாரம் முழுக்க அவள் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சித்தி ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வரிவரியாக விளக்க வேண்டியிருந்தது. எதிரில் இருந்தவர் விலாசம் பார்க்கப் போன அதே அதிகாரி. நடுவயது, தடித்த கண்ணாடி, விடாத இருமல். சித்தி அவருக்கு வைத்த பெயர் விலாசக்காரர். அன்று நடந்ததை அவள் வீட்டில் இரண்டு குரலிலும் பேசிக் காட்டினாள்.

"சார், அந்தப் பொண்ணு அன்னிக்கு உள்ளதான் இருந்தா."

"கை வலிக்கத் தட்டினேன்மா."

"கேட்டுச்சாம். நீங்க இருமினதுகூடக் கேட்டுச்சாம்."

"அப்புறம் ஏன் திறக்கல?"

"திறக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

"பக்கத்து வீட்டம்மா அப்படி யாருமே இல்லன்னாங்களே. சத்தியம் பண்ணாத குறை."

"அதுவும் நான் சொல்லச் சொன்னதுதான்."

விலாசக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ நான் எழுதினதுல என்ன தப்பு?"

"அவளை நாளைக்கே இங்க கூட்டிட்டு வர்றேன். நேர்ல பாத்துக்குங்க."

"இங்க வந்தா ஆள் இருக்கான்னு தெரியும். அங்க குடியிருக்காளான்னு எப்படித் தெரியும்?"

"சரி, நீங்க என்னிக்கு வருவீங்கன்னு சொல்லுங்க. நான் கூட இருக்கேன்."

"சொல்லிட்டு வந்தா அது சோதனை இல்லம்மா, விருந்து. இந்த வாரத்துக்குள்ள ஒரு தடவை வருவேன். அன்னிக்கும் கதவு திறக்கலன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் சித்தியை இன்னும் எரிச்சலாக்கியது. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் அறைக்குப் போனாள். ஒழுங்காக முதலில் போன் பண்ணிவிட்டுத்தான். மாமனும் வேலை முடிந்து வந்திருந்தார். சோப்பு ஊறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எது சொன்னாலும் தலையாட்டினார். சித்தி பெண்ணைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"இங்க பாரு. இந்த வாரம் ஒரு சார் வருவாரு. கண்ணாடி போட்டிருப்பாரு. இருமுவாரு."

"இருமுறவங்க வந்தா திறக்கணுமாக்கா?"

"அப்படி இல்லடி. அட்டை காட்டுவாரு."

"அட்டையை நம்பாதேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இது நிஜ அட்டை."

அந்தப் பெண் யோசித்தாள். எதிர்த்துப் பேசும் பெண் அல்ல. தடுப்பு இல்லத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, எதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள்.

"சரிக்கா, திறக்குறேன். நிஜ அட்டை எது, பொய் அட்டை எதுன்னு மட்டும் சொல்லிக்குடுத்துடுங்க."

மாமன் இதற்கும் தலையாட்டினார்.

"யாருக்கும் திறக்காத," என்றாள் சித்தி கடைசியில். "நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் சித்தியின் அகராதியில் போய் உட்கார்ந்துகொள்வது. மறுநாள் காலையிலிருந்து மாமன் கிளம்பும் நேரத்துக்குப் போய், அவர் திரும்பும்வரை அந்த ஒற்றை அறையிலேயே இருந்தாள். மற்ற பிள்ளைகளின் காரியங்களையெல்லாம் போனிலேயே பார்த்தாள். நாளெல்லாம் பேசினால் போன் தாங்குமா? அந்த அறையில் வேலை செய்கிற பிளக் ஒன்றுதான். அதில் சித்தியின் சார்ஜர் குடியேறியது.

"வேனுக்குக் காவல் இருந்த, பிள்ளைங்களுக்குக் காவல் இருந்த, இப்போ பிளக்குக்கா?" என்றார் சித்தப்பா.

"லிஃப்ட் நின்னுபோனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பட்டனை அமுக்காதீங்கன்னு சொல்லுவேன்."

"அதைத்தான் நானும் சொன்னேன். அதுதான் வினையாப் போச்சு."

விலாசக்காரர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வாரத்தின் கடைசி வேலை நாளும் வந்தது. அன்று மதியம் விடுதியில் இருந்த இன்னொரு பையன் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். மருத்துவமனை பெரியவர் கையெழுத்து வேண்டும் என்றது. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், விலாசக்காரர் படியேறினார்.

இது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், சித்திக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் அப்போது அதே படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே தையல்காரம்மாவின் குரல் கேட்டது.

"இருக்கா சார். உள்ளதான் இருக்கா. சத்தியமா இருக்கா."

"போன தடவை இல்லன்னீங்களே."

"போன தடவை பொய் சொன்னேன் சார்."

"இந்தத் தடவை?"

"இந்தத் தடவை நிஜம்."

"எப்படிம்மா நம்புறது?"

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். விலாசக்காரர் கதவைத் தட்டினார். உள்ளே சத்தமே இல்லை. அவர் கையிலிருந்த கருவியை எடுத்து எதையோ அழுத்தப் போனார். தையல்காரம்மா அவருக்கும் படிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, தன் முட்டிவலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஏற்கெனவே அந்த அம்மா சித்திக்குப் போன் பண்ணியிருந்தது பிறகுதான் தெரிந்தது. விலாசக்காரருக்கும் முட்டிவலி போலிருக்கிறது, நின்று கேட்டார்.

சித்தி ஏறி வந்த வேகத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கையால் மட்டும் அவரை நிற்கச் சொல்லிவிட்டு, போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் பணிவாகச் சொன்னது.

"ஏய், நான்தான்டி. போன் என்ன ஆச்சு?"

உள்ளே இருந்து மெதுவாகக் குரல் வந்தது. "சார்ஜ் இல்லக்கா."

"ஏன் போடல?"

"பிளக்குல உங்க சார்ஜர் இருக்கே."

சித்தி நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டாள். "சரி. அதைப் பிடுங்கிப் போட்டுட்டு உன்னோடதை மாட்டு."

உள்ளே நடக்கும் சத்தம், பிளக்கின் சத்தம். "மாட்டிட்டேன்."

"இதையெல்லாம் கேக்குறாளே," என்றார் விலாசக்காரர். "திறக்கச் சொன்னா மட்டும் ஏன் மாட்டேங்கிறா?"

"திறக்க நான் இன்னும் சொல்லல சார்."

"அக்கா," என்றது உள்ளே இருந்த குரல். "பக்கத்துல யாரோ இருக்காங்க."

"ஆமா. அந்த சார்தான்."

"உங்களை மிரட்டுறாரா?"

"நானா?" என்றார் விலாசக்காரர்.

"இல்லடி."

"மிரட்டினா இல்லன்னுதானே சொல்லுவீங்க."

தையல்காரம்மா இந்த நிலையிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சித்தி திரும்பி முறைத்தாள். அடுத்து விலாசக்காரரைப் பார்த்தாள்.

"குரல் கேட்டுச்சுல்ல? இருக்கான்னு எழுதிக்கங்க."

"குரலை எழுத இதுல இடம் இல்லம்மா. இருக்கார், இல்லை. ரெண்டே கட்டம்தான். முகத்தைப் பாக்கணும், அறையைப் பாக்கணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு இந்த வம்பு? உங்க மேல அவ உயிரையே வச்சிருக்கா. திறன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பாத்துட்டுப் போயிடுறேன். அவளும் இங்கயே இருப்பா. அவ்வளவுதானே உங்களுக்கு வேணும்?"

அவ்வளவுதான் வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தையல்காரம்மா, சொல்லேன் என்பதுபோல் தலையை அசைத்தார். சித்தி கதவைப் பார்த்தாள். மலிவான பலகைக் கதவு, கீழே ஒரு மூலையில் ஈரத்தில் ஊறிப் பிரிந்திருந்தது. ஓங்கி ஓர் உதை விட்டால் திறந்துகொள்ளும்.

"திறக்காத," என்றாள் சித்தி, சத்தமாக. "போன் உயிர் வரட்டும். நான் கூப்பிடுறேன். அதுவரைக்கும் திறக்காத."

"சரிக்கா," என்றது உள்ளே. குரலில் நிம்மதி இருந்தது.

"நான் போயிட்டா?" என்றார் விலாசக்காரர்.

"போங்க. இல்லன்னு எழுதுங்க. நான் மறுபடி உங்க மேசைக்கு வந்து உட்காருவேன். எனக்கென்ன, பழக்கம்தான்." சித்தி மூச்சிரைக்கக் கதவில் கையை ஊன்றிக்கொண்டாள். "இன்னிக்கு என் குரலுக்குத் திறந்தா நாளைக்கும் திறப்பா. நாளைக்கு என்னை இங்க கொண்டுவந்து நிக்க வைக்கிறவன் நீங்களா இருக்க மாட்டீங்க. ஒருத்தன் திறந்தான் சார்."

யார் என்று விலாசக்காரர் கேட்கவில்லை. கருவியின் திரையை அணைத்தார். பிறகு கைக்குட்டையை விரித்துப் படியில் உட்கார்ந்தார்.

"எந்தப் போன் அது? சீக்கிரம் ஏறுமா?"

"பழசு சார். நான்தான் வாங்கிக்குடுத்தேன். மலிவா கிடைச்சுதுன்னு."

"அதுவும் நீங்கதானா?"

"அதுவும் நான்தான்."

அந்தப் படிக்கட்டில் நாங்கள் காத்திருந்தோம். சித்தி முதலில் அமைப்பை நடத்துகிற அம்மாவுக்குப் போன் பண்ணி, மருத்துவமனைக்கு அவரைப் போகச் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணின் எண்ணை விட்டு விட்டு அழைத்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பணிவான குரல் அதையே சொன்னது. சித்தி அதனிடமும் ஒருமுறை, "தெரியும்மா தெரியும்" என்று எரிந்து விழுந்தாள். நான் கொண்டுவந்த சாப்பாடு ஆறியது. விலாசக்காரர் இருமினார். தையல்காரம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்று பொய் சொன்னதற்கு இன்னொருமுறை மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் உள்ளே போன் அடித்தது. எடுக்கும் சத்தம்.

"அக்கா?"

"திற."

தாழ்ப்பாள் விலகியது. ஒல்லியான ஒரு பெண், காதில் இன்னும் போனோடு, சார்ஜர் கம்பி எட்டும் தூரம்வரை வந்து, கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் சித்தியை மேலும் கீழும் பார்த்தாள், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தேடுவதைப்போல. அதன் பிறகுதான் விலாசக்காரரைப் பார்த்தாள்.

"நீங்க அன்னிக்கும் வந்தீங்க," என்றாள். "மருந்து சாப்பிடலையா?"

அவர் அறையை எட்டிப் பார்த்தார். மாமனின் கட்டில், தரையில் அவளுடைய பாய், ஜன்னல் கம்பியில் காயும் அவளுடைய உடுப்பு, சுவரில் அவள் பென்சிலால் போட்டுப் பார்த்திருந்த கணக்குகள். திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டார். சித்தி அவர் தோளுக்கு மேல் எக்கிப் பார்த்தாள்.

"இருக்கார்னு போட்டீங்களா?"

"போட்டேன்மா."

"காட்டுங்க."

காட்டினார். சித்தி அதைப் படித்தாள், திரும்பவும் படித்தாள். பெண்ணைத் திட்டுவதற்கு வாயெடுத்து, எதற்கென்று திட்டுவது என்று தெரியாமல், "போனைக் கீழ வை, சூடாகுது" என்றாள்.

விலாசக்காரர் கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டே அடுத்த விலாசத்தைத் திரையில் தேடினார். கொஞ்சம் தயங்கினார்.

"பின்னாடித் தெருவுல ஒரு வீடு இருக்கு. பையன். மோட்டார் பட்டறைக்கு மேல மாடியில."

சித்தி கண்ணை மூடினாள். "என் பையன்தான்."

"அவனுக்கும் சொல்லியிருக்கீங்களா?"

"எல்லாருக்கும்தான் சார்."

"கீழ பட்டறைக்காரருக்கும்?"

"அவருக்கு ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்."

விலாசக்காரர் படியில் இறங்க ஆரம்பித்தார். பாதி இறங்கித் திரும்பினார். "சொல்லாமப் போகணுங்கிறது எனக்குத்தான் விதி. உங்களுக்கு இல்ல. போன் பண்ணிக்கிட்டே வாங்க."

சித்தி ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனைக் காதில் வைத்தபடி அவர் பின்னால் இறங்கினாள்.

"ரிங் போகுது," என்று அவள் சொல்வது கீழ்ப்படியிலிருந்து கேட்டது. "எடுக்க மாட்டேங்கிறான், மடையன்."